இரண்டாவது பிளேட்

எட்மன்டனில், கட்டி முடியாத ஒரு வீட்டில்,
படிக்கட்டு வரவேண்டிய ஓட்டையால்
தவநேசன் விழுந்தது நவம்பர் ஒன்பது.
பத்தடி. கீழே சீமெந்து.
தலைக்கவசம் வானுக்குள் கிடந்தது.

ஸ்கேன் சுத்தம் என்றார்கள்.
இரண்டு கிழமை இருட்டறை,
பிறகு வேலைக்குப் போகலாம் என்று ஒரு தாள்.
வாசலில் தேங்காய் உடைத்தேன்.
மைனஸ் இருபதில்
சில்லுகள் பனியோடு ஒட்டிக்கொண்டன.

அதன்பிறகுதான் மனுசன்
வீட்டில் இருந்துகொண்டே
கொஞ்சம் கொஞ்சமாய் இல்லாமல் போனார்.

யூலையிலும் கம்பளி மேசு.
சாப்பாட்டைத் தள்ளிவைப்பார், வயிறு மட்டும் வைத்தது.
மகளின் பட்டமளிப்பில்
அவள் பெயர் கூப்பிடும்போது கதிரையில் நித்திரை.
கட்டிலில் எங்களுக்கு நடுவே ஒரு தலையணை,
ஆர் வைத்ததென்று தெரியாது.
கை நீட்டினால்
‘களைப்பாக் கிடக்கு.’

சோம்பேறி என்றேன். கல் என்றேன்.
வேறு ஆரோ இருக்கிறாள் என்று
ஒருநாள் அவர் போனைத் திறந்து தேடினேன்.
இருந்தது ஒரே கேள்விதான்,
இரவு மூன்று மணிக்கு, பதினேழு தரம்:
ஏன் எனக்கு எப்பவும் குளிருது?

குடும்ப டொக்டர் மனச்சோர்வு என்றார்.
குளிர்காலம் என்றார்.
ஐம்பது வயது என்றார்.

மற்ற ஒக்டோபர் காய்ச்சலும் சத்தியும்.
குளியலறைத் தரையில் கிடந்தார், கண் திறந்தபடி.
ரத்தத்தில் உப்புக் குறைவாம்.
உப்போ?
என் கறியில் உப்புக் கூட என்றுதானே
இருபது வருசம் சண்டை.

டொக்டர் மெல்னிக் வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.
அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்:
‘இவர் எத்தனை நாளைக்கொருக்கால் சவரம் செய்கிறார்?’

எனக்கு விடை தெரிந்திருந்தது.
கொஸ்ட்கோவில் வாங்கிய பெட்டி,
விழுவதற்கு முதல் கிழமை, பதினாறு பிளேட்.
முதலாவதுதான் இன்னும் கைப்பிடியில்.
கிழமைக்குக் கிழமை
அதைத் தூக்கித் தூசி துடைத்துத் திரும்ப வைத்தவள் நான்.

கபச்சுரப்பி.
பத்தாம் வகுப்பில் சளி சுரக்கும் என்று எழுதி
சைபர் வாங்கித் தந்த சொல்.
மூளைக்கடியில், சேணம் போன்ற ஓர் எலும்பில்
கடலை அளவில் குந்தியிருக்குமாம்.
மெல்லிய காம்பு ஒன்று.
விழுந்த அதிர்ச்சியில் அடிபட்டது அதுவாம்.
கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத்தான் முதலில் பார்ப்பேன்.
மனுசனில் பார்க்கத் தெரியவில்லை.

இப்போது காலை ஆறு, மதியம், பின்னேரம் நாலு,
கோர்ட்டிசோல் குளிசைகள்.
காய்ச்சலென்றால் இரட்டிப்பு.
என் கைப்பையில் சாவியோடு ஓர் ஊசி.
அவர் கையில் நோய் பொறித்த ஒரு காப்பு.
கலியாண வீட்டில் ஒருத்தி கேட்டாள்,
‘வெள்ளியோ, எத்தனை கிராம்?’

தோளில் தடவ ஒரு ஜெல்லும் உண்டு.
காயும்வரை நான் தொடக்கூடாது,
பெண்ணுடம்பில் படக்கூடாதாம்.
என்னை விரும்புவதற்கான மருந்தை
என்னை அறைக்கு வெளியே விட்டுப் பூட்டிக்கொண்டு
பூசுகிறார்.
கதவின் இரண்டு பக்கமும் சிரித்தோம்.

மாசி மாதம், ஓர் இரவு,
தலையணையைத் தாண்டி அவர் கை வந்தது.
இது நீங்களோ ஜெல்லோ என்று
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
விழுவதற்கு முன் இருபது வருசமும்
அந்தக் கடலையளவு தசைதானே அனுப்பிக்கொண்டிருந்தது.
அப்போது நான் விலாசம் விசாரிக்கவில்லை.

இழப்பீட்டு அலுவலகம் எழுதியிருக்கிறது:
விழுந்ததற்கும் இந்த நோய்க்கும்
தொடர்பு நிறுவப்படவில்லை.
மேன்முறையீடு ஏப்ரலில்.
சாட்சியாய் இருக்கட்டும் என்று
அந்தப் பெட்டியை அலுமாரியில் ஒளித்து வைத்தேன்,
பதினாறில் பதினைந்து அப்படியே.

இன்று காலை அதைக் கண்டுபிடித்து
இரண்டாவதை எடுத்துவிட்டார்.
பேசின் முழுக்கத் தாடித்துகள்.
கழுவாமல் போயிருக்கிறார், பழையபடி.

கீழே கேட்கக் கத்தினேன்,
பழையபடி.